மூன்று பிரெட்போட்டும் ஒரு கைப்பிடி ஐசியும்: எது பிடிக்கிறது, எது நழுவுகிறது

பிரெட்போட் என்பது பற்றவைக்காமல் துளையில் குத்தியே மின்சுற்று அமைக்கும் பலகை. அதை வாங்குகிறவர்கள் துளையை எண்ணித்தான் வாங்குகிறார்கள். 830 பெரியது, 400 நடுத்தரம், 170 உள்ளங்கைக்குள் அடங்குவது. விலையும் அதே வரிசையில் ஏறி இறங்கும். ரெசிஸ்டரும் எல்இடியும் மட்டும் குத்திப் பார்க்கிறவருக்கு எந்தப் பலகையும் போதும். ஐசி, அதாவது பல கால் கொண்ட கறுப்புச் சிப், வைக்கத் தொடங்கும் அன்றைக்குத்தான் பலகையின் குணம் தெரியவரும். கால் மில்லிமீட்டர் தடிப்பும் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உள்ள கால்கள் பதினாறும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும், இறங்கிய எல்லாக் கால்களையும் உள்ளே இருக்கும் தகடு கவ்வ வேண்டும். ஒன்று நழுவினாலும் சுற்று வேலை செய்யாது. பழி சிப்பின் மேல் விழும்.

இலங்கை மலைநாட்டில் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துக் கடைகளில் தொங்குபவையும் கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கூரியரில் வருபவையும் பெரும்பாலும் பெயரில்லாத வெள்ளைப் பலகைகள். "எல்லாம் ஒரே சாமான்தான் தம்பி" என்பார் கடைக்காரர். வெளியே ஒரே சாமான்தான், வித்தியாசம் உள்ளே இருக்கும் தகட்டில். விலையை இங்கே எழுதவில்லை. எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும்.

பலகையின் அமைப்பு 1971இல் அமெரிக்காவில் ஈ அண்ட் எல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ரொனால்ட் போர்ச்சுகல் வடிவமைத்ததிலிருந்து பெரிதாக மாறவில்லை. அதற்கு முன்பு பாண் வெட்டும் பலகையில் ஆணி அடித்து வயர் சுற்றினார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. இன்றைய பலகையில் துளைக்குத் துளை 2.54 மில்லிமீட்டர். நடுவே ஓடும் வாய்க்காலின் இரு கரையிலும் உள்ள துளைகளுக்கு இடையே 7.62 மில்லிமீட்டர். சாதாரண ஐசியின் இரண்டு கால்வரிசைகளுக்கு இடையிலும் அதே அளவுதான். ஐசி வாய்க்காலின் குறுக்கே உட்கார்ந்தால் ஒவ்வொரு காலுக்கும் தனியாக நான்கு துளைகள் மிஞ்சும். வாய்க்காலைத் தாண்டாமல் ஒரே பக்கத்தில் குத்தினால் எதிரெதிர்க் கால்கள் ஒட்டிப்போகும். முதன்முதலாகப் பலகையைக் கையில் எடுக்கும் மாணவர் செய்யும் தவறு இதுதான்.

வாங்கும்போது துளை எண்ணிக்கையைவிடத் தகட்டைத்தான் பார்க்க வேண்டும். ஐந்து துளைக்கு ஒரு தகடு. துளைக்கு ஒரு சோடி நாக்குகள், துணிக் கிளிப்பைப் போல எதிரும் புதிருமாக நிற்கும். நல்ல பலகையில் நிக்கல் பூசிய பொஸ்பர் வெண்கலம். விரித்தால் திரும்ப ஒடுங்கும். மலிவானதில் தகடு மெல்லியது, ஒருமுறை விரிந்தால் விரிந்ததுதான். அர்டுயினோ நானோ போன்ற கட்டுப்பாட்டுப் பலகைகளின் ஊசிக்கால் 0.64 மில்லிமீட்டர் சதுரம். 1என்4007 டயோட்டின் கால் 0.8 மில்லிமீட்டர் வரை போகும். மின்னழுத்தத்தைச் சீராக்கும் 7805இன் கால் அதைவிட முரடு. அவற்றைக் குத்தி எடுத்த துளையில் அடுத்த வாரம் ஐசியை வைத்தால், கால் உள்ளே நிற்கும், ஆனால் எதையும் தொடாது. ஆகவே பலகையின் வலது ஓரம் பத்து வரிசையைத் தடித்த கால்களுக்கென ஒதுக்கி, மீதியை ஐசிக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. 555 என்ற எட்டுக்கால் ஐசி ஒன்றைப் பையில் கொண்டுபோங்கள். அதைப் பலகையின் இரு முனையிலும் நடுவிலும் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் பலகையைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். விழக்கூடாது, ஆடவும் கூடாது. வைக்கும்போது "கரக்" என்ற மெல்லிய எதிர்ப்பு விரலுக்குத் தெரிய வேண்டும். வெண்ணெய்க்குள் போவதுபோல இறங்கினால் அந்தப் பலகை வேண்டாம். அடுத்து, ஓர் அடிமட்டத்தைப் பலகையின் மேல் நீளவாக்கில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடு வளைந்திருந்தால் நாற்பது கால் சிப் ஒருநாளும் முழுதாக இறங்காது.

830 துளைப் பலகை: 63 வரிசை, இரு பக்கமும் மின்தண்டவாளம், அதாவது மின்னைப் பகிர நீளவாக்கில் ஓடும் துளைவரிசை. பதினாறு கால் ஐசி எட்டு வரிசை பிடிக்கும். இடையில் இரண்டு வரிசை விட்டால் ஆறு ஐசி வரிசையாக உட்காரும். எண்கணக்குச் சுற்று, கடிகாரச் சுற்று எல்லாம் இதில் தாராளமாக அடங்கும். குறை ஒன்று உண்டு, அது பலரை ஏமாற்றுவது. பல பலகைகளில் மின்தண்டவாளம் நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். சிவப்பு, நீலக் கோடு இடையில் விட்டுப்போயிருந்தால் அதுதான் அடையாளம். ஆனால் கோடு முழுதாக ஓடியும் உள்ளே தகடு இரண்டாக நிற்கும் பலகைகளும் வருகின்றன. மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து இரு முனையையும் தொட்டுப் பாருங்கள். சத்தம் வராவிட்டால் நடுவில் நான்கு சிறு வயர் போட்டுப் பாலம் கட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். இடது பாதி ஐசிகள் உயிரோடும் வலது பாதி செத்தும் கிடந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

400 துளைப் பலகைக்கு 30 வரிசை. பதினாறு கால் ஐசி மூன்று வைக்கலாம், இரண்டு என்றால் வசதி. உயர்தரப் பௌதிகவியலிலும் தகவல் தொழில்நுட்பத்திலும் வரும் தர்க்கப் படலைகள், செயற்பாட்டு விரியலாக்கி (ஒப்-அம்ப்) எல்லாவற்றுக்கும் இது போதும். மின்தண்டவாளம் குட்டையாக இருப்பதால் வெட்டுப்பட்ட தொல்லை பெரும்பாலும் இல்லை. தோட்டப் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு வாங்குவதானால் நான்கு பேருக்கு ஒரு பெரிய பலகையைவிட இரண்டு பேருக்கு ஒரு 400 என்பதே எங்கள் தேர்வு. நான்கு பேர் ஒரு பலகையில் கைவைத்தால் இருவர் குத்துவார்கள், இருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

170 துளைக் குட்டிப் பலகையில் மின்தண்டவாளமே கிடையாது. ஒரு ஐசியைத் தனியாகச் சோதிக்க உதவும், வேறு பெரிய பயன் இல்லை.

இனி ஐசியை வைக்கும் முறை. பலகை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இங்கே அவசரப்பட்டால் காசு போகும்.

புதிய ஐசியின் கால்கள் நேராக நிற்காது, இரு பக்கமும் சற்று விரிந்திருக்கும். பழுதென்று நினைக்க வேண்டாம், தொழிற்சாலையில் இயந்திரம் பிடித்து வைப்பதற்காக அப்படித்தான் விடுகிறார்கள். அப்படியே பலகையில் அழுத்தினால் ஓரிரு கால்கள் துளையில் இறங்காமல் வயிற்றுக்கு அடியில் மடிந்துகொள்ளும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். மடிந்த காலைத் தேடி ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஆகவே ஐசியைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு பக்கத்துக் கால்கள் முழுவதும் மேசையில் படும்படி வைத்து, உடலை இரு கையாலும் பிடித்து மெதுவாக உருட்டுங்கள். கால்கள் சேர்ந்து ஒரே அளவில் உள்ளே வளையும். மறுபக்கமும் அப்படியே. தனித்தனிக் காலாகக் குறட்டால் வளைத்தால் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகப் போகும். போதுமா என்று பார்க்க ஐசியைத் துளைகளின் மேல் வெறுமனே வையுங்கள். எல்லாக் காலின் நுனியும் அழுத்தாமலே அதனதன் துளைவாயில் நிற்க வேண்டும். நின்றால் இரு கட்டைவிரலையும் இரு முனையில் வைத்து முதலில் இலேசாக, பிறகு நேர்கீழாக அழுத்துங்கள். உடல் பலகையைத் தொட்டதும் நிறுத்துங்கள். பிறகு கைபேசி டோர்ச்சை அடித்துப் பக்கவாட்டில் குனிந்து, ஒவ்வொரு காலும் துளைக்குள் மறைகிறதா என்று எண்ணுங்கள்.

கழற்றுவதில்தான் அதிகம் உடைகிறது. விரலால் பிடித்து இழுத்தால் ஒரு முனை படாரென்று கிளம்பும், மறுமுனைக் கால்கள் வளையும், கட்டைவிரலில் எட்டு ஓட்டையும் விழும். சிறிய தட்டை ஸ்குரூட்ரைவரை வாய்க்காலுக்குள் விட்டு ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் தூக்குங்கள், அடுத்து மறுமுனையை. மூன்று நான்கு தடவையில் தானாக வந்துவிடும். வளைந்த காலை ஒருமுறை நிமிர்த்தலாம். இரண்டாம் மூன்றாம் தடவை உடலோடு ஒட்டிய இடத்திலேயே முறியும். அடிக்கடி கழற்ற வேண்டிய விலையுயர்ந்த சிப்புக்கு உருண்டைக் கால் உள்ள சொக்கெட் ஒன்றை நிரந்தரமாகப் பலகையில் குத்தி, சிப்பை அதில் மாற்றிக்கொள்ளலாம். தட்டைக் கால் மலிவு சொக்கெட் இதற்கு ஆகாது, கால் குட்டை, பலகை பிடிக்காது.

திசை விடயத்தில் ஒரே ஒழுங்கு: எல்லா ஐசியின் முனையிலுள்ள பள்ளமும் இடப்பக்கம். அப்போது கீழ்வரிசையின் இடது ஓரம் முதலாம் கால். அங்கிருந்து வலமாகப் போய், மேலே ஏறி, இடமாகத் திரும்பி வரும் எண். எழுத்து நேராக வாசிக்க முடிந்தால் திசை சரி. சில சிப்பில் பள்ளத்துக்குப் பதில் புள்ளி இருக்கும். அச்சிலிருந்து தள்ளிய வட்டத் தழும்புகள் இரு முனையிலும் கிடக்கும் சிப்பும் உண்டு, அவற்றைப் புள்ளி என்று நம்பிவிடாதீர்கள். 7400, 7408, 7432, 4017 போன்ற சிப்களில் கடைசிக் கால் நேர்மின், கீழ்வரிசைக் கடைசிக் கால் நிலம் (கிரவுண்ட்). ஆகவே மேல் தண்டவாளத்தை நேர்மின்னாகவும் கீழ்த் தண்டவாளத்தை நிலமாகவும் வைத்துக்கொண்டால் வயர் குட்டையாகும். ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பொருத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். 7490இல் நேர்மின் 5ஆம் கால், நிலம் 10. எல்எம்324இல் நேர்மின் 4, நிலம் 11. 555இல் நேர்மின் 8, நிலம் 1. மின்னைக் கொடுத்தவுடன் சிப்பின் முதுகில் விரலை வையுங்கள். சூடு ஏறினால் உடனே பிடுங்குங்கள், அநேகமாகத் தலைகீழாக வைத்திருப்பீர்கள்.

பலகையின் தரத்தை அளக்க எங்களுக்குப் பிடித்த சுற்று 555உம் 4017உம். 555 துடிப்பைத் தரும், 4017 அதை எண்ணிப் பத்து எல்இடியை ஒவ்வொன்றாக எரிக்கும். 9 வோல்ட் பற்றரி. 555இன் 8, 4ஆம் கால்கள் நேர்மின்னுக்கு, 1 நிலத்துக்கு. 7ஆம் காலிலிருந்து நேர்மின்னுக்கு 10 கிலோஓம், 7க்கும் 6க்கும் இடையே 68 கிலோஓம், 6ஐயும் 2ஐயும் ஒரு வயரால் இணைத்து அங்கிருந்து நிலத்துக்கு 10 மைக்ரோஃபரட், 5ஆம் காலிலிருந்து நிலத்துக்கு 103 என்று எழுதிய கெப்பசிட்டர். 3ஆம் காலில் செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு துடிப்பு வரும். அதை 4017இன் 14ஆம் காலுக்குக் கொடுங்கள். 16 நேர்மின், 8, 13, 15 மூன்றும் நிலம். பத்து எல்இடிக்கும் சேர்த்து 1 கிலோஓம் ஒன்று போதும், ஒரே நேரத்தில் ஒன்றுதான் எரியும். எல்இடி வரிசை 3, 2, 4, 7, 10, 1, 5, 6, 9, 11. கால் எண் ஏறுவரிசையில் வராது. அது சிப்பின் பிழையல்ல, சிப் அப்படித்தான்.

பலகை நல்லதானால் ஒளி ஒவ்வொன்றாக நகரும். 14ஆம் காலின் வயர் தளர்ந்திருந்தால் ஒளி ஒன்றைத் தாண்டிக் குதிக்கும், மேசையைத் தட்டினால் இன்னும் குதிக்கும். முதல் எல்இடியிலேயே நின்றுவிட்டால் 15ஆம் காலைப் பாருங்கள். நிலத்தோடு சேராமல் அந்தரத்தில் நிற்கும். கையைக் கிட்டக் கொண்டுபோனாலே நிலை மாறுவதுதான் அதற்குச் சாட்சி. இரண்டு ஐசியின் நேர்மின் காலுக்கும் நிலத்துக்கும் இடையே 104 என்று எழுதிய கெப்பசிட்டரை, காலுக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு கிட்டக் குத்துங்கள். பலகையின் மறுமூலையில் குத்தினால் குத்தாததற்குச் சமம். இதே பற்றரியில் 74எச்சி (74HC) வகைச் சிப்பை வைத்தால் கதை முடிந்தது. அதன் எல்லை 6 வோல்ட். 74எல்எஸ் (74LS) வகைக்கு 5 வோல்ட்தான், கால் வோல்ட் கூடலாம் அல்லது குறையலாம், அவ்வளவே. 4000 வரிசை 3 முதல் 15 வரை தாங்கும்.

பலகையோடு கிட்டாக வரும் மின்வழங்கிக்கு நடுத்தர மதிப்பெண். 5, 3.3 வோல்ட் இரண்டும் தரும், தண்டவாளத்தில் நேராகக் குத்தலாம். குத்தும்போது அதன் + குறி பலகையின் சிவப்புக் கோட்டில் நிற்க வேண்டும். திருப்பிக் குத்தினாலும் அது உட்காரும், எல்லா ஐசியும் ஒரே மூச்சில் போகும். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடப்டர் 12 வோல்ட் என்றால், 300 மில்லிஅம்பியர் எடுத்தாலே இரண்டு வாட்டுக்கு மேல் சூடாகக் கழிந்துபோகும். விரல் வைக்க முடியாது. 9 வோல்ட் அடப்டர் மேல். கரண்ட் போன நாளில் பவர்பேங்க் உதவும். ஆனால் சில பவர்பேங்குகள் எல்இடிச் சுற்று எடுக்கும் சிறு மின்னோட்டத்தைப் பார்த்து, ஒன்றும் மாட்டவில்லை என்று எண்ணி அரை நிமிடத்தில் தாமாக அணைந்துவிடும்.

கிட்டில் வரும் 65 வயர்க் கட்டை நம்ப வேண்டாம். நீளம் ஒன்றுக்கொன்று பொருந்தாது, உள்ளே அறுந்தது வெளியே தெரியாது. இணையம் இழுக்கும்போது மிஞ்சும் கேட்5 கேபிளில் ஒற்றைக் கம்பி 0.5 மில்லிமீட்டர் இருக்கும், பிரெட்போட்டுக்கென்றே செய்ததுபோல. 7 மில்லிமீட்டர் உரித்தால் போதும். குட்டையாக உரித்தால் நாக்கு வரை போகாது, நீளமாக உரித்தால் பக்கத்து வயரைத் தொடும். பிளேடால் ஒருமுறை சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், இரண்டாம் முறை வளைத்தாலே முறிந்து துளைக்குள் தங்கும். பல இழை முறுக்கிய வயரும் கூடாது.

மலைநாட்டுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஈரம். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மழை மாதங்களில் அலுமாரிக்குள் வைத்த சப்பாத்தே பூஞ்சணம் பிடிக்கும். பலகையின் தகடும் ஐசிக் காலும்கூடத் தப்பாது. மங்கிய காலைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்தால் பளிச்சென்று ஆகும். மண்தாள் போட்டால் பூச்சும் சேர்ந்து போய்விடும். பலகையில் சந்தேகமான துளைக்கு ஒற்றைக் கம்பி வயரை ஐந்தாறு தடவை குத்தி எடுங்கள், தொடும் முகம் சுரண்டிச் சுத்தமாகும். குளிர்ந்த அறையிலிருந்து அடுப்படிக்கோ ஆட்கள் நிறைந்த வகுப்புக்கோ கொண்டுவந்த பலகையில் நீர் பனிக்கும். அரை மணி நேரம் விட்டு மின் கொடுங்கள். தேயிலை வரும் தகரப் பேணி, அதற்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பை, இதுவே மலிவான நல்ல பெட்டி.

ஈரம் இருக்கும்போது சிப்பைக் கெடுக்கும் நிலைமின் (ஸ்டாடிக்) பயம் குறைவு. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவின் காய்ந்த குளிரில் கம்பளி ஸ்வெட்டரோடு உட்கார்ந்தால் அது திரும்பிவரும். 4000, 74எச்சி வகைகளைத் தொடுமுன் உலோகத் தண்ணீர்க் குழாயைத் தொடுங்கள். இந்தச் சிப்களை ரெஜிபோமில் குத்தி வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. வெறும் ரெஜிபோம் நிலைமின்னைச் சேர்க்கும் பொருள். மேலே அலுமினியத் தாளைச் சுற்றிவிட்டுக் குத்துங்கள், இல்லையென்றால் மின்கடத்தும் கறுப்புப் பஞ்சு கேளுங்கள்.

அகலச் சிப் வைத்திருப்பவருக்கு ஒரு வார்த்தை. 8051 போன்ற நாற்பது கால் சிப் 15.24 மில்லிமீட்டர் அகலம். ஒரு பக்கம் மூன்று துளை, மறுபக்கம் இரண்டே துளை மிஞ்சும். அடியில் போக வேண்டிய வயரைச் சிப்பை வைக்குமுன்பே போட்டுவிட வேண்டும். ஈஎஸ்பி32 கட்டுப்பாட்டுப் பலகைகள் இன்னும் அகலம். இரண்டு பிரெட்போட்டை அருகருகே கோத்து, இடையிலுள்ள மின்தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு நடுவில் உட்கார வைப்பதே வழி. கோக்கும் பல் ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பொருந்தாது, இரண்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்குங்கள். கழற்றும்போது அடியிலுள்ள ஒட்டுத்தாளைக் கத்தியால் அந்தக் கோட்டில் மட்டும் வெட்டுங்கள். முழுதாக உரித்தால் தகடெல்லாம் மேசையில் கொட்டும்.

தளர்ந்த வரிசை கண்ணில் பட்டால் பக்கத்தில் சிவப்பு மாக்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், அடுத்து எடுக்கிறவர் அங்கே ஐசியை வைக்க மாட்டார். நாலைந்து புள்ளி சேர்ந்த பலகையை எல்இடிக்கும் ரெசிஸ்டருக்கும் விட்டுவிட்டு, ஐசிக்குப் புதியது எடுங்கள்.